தலைக்கு எதிர்ப்பக்கம்: கோல்ஃப் கிளப்பின் பிடி முனையில் ஏன் எடை வைக்கிறார்கள்?

ஒரு சுத்தியலை எடுத்துக் கைப்பிடியின் கடைசியில் பிடித்து இடதும் வலதுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் இரும்பு ‘நான் வரமாட்டேன்’ என்று மணிக்கட்டோடு மல்லுக்கட்டும். இப்போது திருப்பிப் பிடியுங்கள். இரும்பு உங்கள் கைக்குள், கட்டை வெளியே. அதே சுத்தியல்தான், ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் விசிறி மாதிரி ஆடும். எடை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது வேறொரு கேள்வி. கோல்ஃப் கிளப்பின், அதாவது பந்தை அடிக்கும் மட்டையின், பிடி முனையில் எடை சேர்ப்பது பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் வழி தவறிப் போகிறார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் சுற்றினேன்.

விஷயம் ரொம்ப எளிது. கிளப்பின் ஒரு முனையில் பந்தை அடிக்கும் தலை, இன்னொரு முனையில் நாம் பிடிக்கும் ரப்பர் கிரிப். அந்தக் கிரிப்பின் நுனியில், ஷாஃப்டுக்கு (தலையையும் கிரிப்பையும் இணைக்கும் தண்டு) உள்ளேயோ கிரிப்புக்கு அடியிலோ, கொஞ்சம் எடை வைப்பதைத்தான் எதிரெடை என்கிறோம். டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கும் நீளமான கிளப்), அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்) போன்றவற்றில் பெரும்பாலும் 5 முதல் 20 கிராம், பட்டரில் 50 கிராம், சில சமயம் அதற்கு மேலும். (பட்டர் என்றால் வெண்ணெய் இல்லை, பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்.) வாளின் கைப்பிடி முடிவில் ஒரு குமிழ் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கை வழுக்காமல் இருக்க உதவும் என்பதோடு, நீண்ட அலகுக்கு எதிராக எடையைக் கைப்பக்கம் இழுப்பதும் அதன் வேலை. பில்லியர்ட்ஸ் குச்சியின் தடித்த முனைக்குள் எடை போல்ட் போடுவதும், டென்னிஸ் மட்டையின் கைப்பிடியில் ஈய டேப் சுற்றுவதும் இதே குடும்பம்தான்.

சரி, எதற்காக இதைச் செய்கிறார்கள் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் “ஸ்விங் வெயிட்டைக் குறைக்க” என்பார்கள். இந்த ஸ்விங் வெயிட் என்ற சொல் ஒரு பொல்லாத சொல், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1920களில் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஒரு தராசு செய்தார். கிளப்பைப் படுக்கவைத்து, கிரிப்பின் நுனியிலிருந்து 14 அங்குலம் தள்ளி ஒரு தாங்குபுள்ளி. சீசா பலகை மாதிரி. தலைப்பக்கம் எவ்வளவு பலமாகக் கீழே இறங்கப் பார்க்கிறதோ அதை ஓர் எழுத்தாலும் ஓர் எண்ணாலும் சொல்லிவிடும்: சி8, சி9, அதற்கு அடுத்து டி0, டி1, டி2 என்று. எண் கூடினால் தலை கனமாக இருக்கிறது, குறைந்தால் லேசாக இருக்கிறது என்று பொருள். ஆண்களுக்கான டிரைவர்கள் கடையிலிருந்து வரும்போது டி0 முதல் டி4 வரைக்குள் எங்கேயாவது நிற்கும், பெண்களுக்கானவை பெரும்பாலும் சி வரிசையில் இருக்கும். இன்றைக்கும் கிளப் கட்டுபவர்கள் இந்தத் தராசைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் ஒரு செட்டில் உள்ள கிளப்புகள் எல்லாம் கையில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

தராசில் ஒரு புள்ளி ஏற வேண்டுமென்றால் தலையில் சுமார் 2 கிராம் சேர்த்தால் போதும், ஏனென்றால் தலை தாங்குபுள்ளியிலிருந்து ரொம்ப தூரத்தில், டிரைவரில் ஏறக்குறைய 30 அங்குலத்தில், இருக்கிறது. ஒரு புள்ளி இறங்க வேண்டுமென்றால் பிடிப்பக்கம் 4 அல்லது 5 கிராம் சேர்க்க வேண்டும், இந்தப் பக்கம் தூரம் 14 அங்குலம்தானே. அப்புறம் நீளம்: கிளப்பை அரை அங்குலம் நீட்டினால் சுமார் 3 புள்ளி எகிறிவிடும். அதனால்தான் டிரைவரை நீட்டியவர்கள், கனமான தலை வாங்கி மாட்டியவர்கள் எல்லாம் தராசைப் பார்த்துப் பதறிப்போய்ப் பிடியில் எடை வைத்து எண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தலைகீழாகவும் நடக்கும். பெரிய கையுள்ளவர்கள் தடித்த கிரிப் மாற்றுவார்கள், அது சாதாரண கிரிப்பைவிட 15, 20 கிராம் கூடுதலாக இருக்கும், அவர்களுக்கே தெரியாமல் எதிரெடை வைத்துவிட்டார்கள்.

இப்போதுதான் சிக்கல். தராசு கிளப்பை 14 அங்குலத்தில் தாங்குகிறது. நீங்கள் அங்கேயா பிடிக்கிறீர்கள்? கிரிப்பின் மொத்த நீளமே பத்தரை அங்குலம் சுமார்தான். அதாவது தராசின் தாங்குபுள்ளி கிரிப்பெல்லாம் முடிந்து வெறும் ஷாஃப்டில் இருக்கிறது, அந்த இடத்தை ஆடும்போது எந்தக் கையும் தொடுவதில்லை. உங்கள் மணிக்கட்டு மடங்கித் திறக்கும்போது கிளப் சுற்றுவது இரண்டு கைகளுக்கும் நடுவில் ஓரிடத்தை மையமாக வைத்து, நுனியிலிருந்து சுமார் 4 அங்குலம், 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான். ஒரு டிரைவர், 45 அங்குலம், அதாவது 114 சென்டிமீட்டர். தலை 200 கிராம், ஷாஃப்ட் 60, கிரிப் 50, ஆக 310 கிராம். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்ல எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்து மறந்தோமே, அதேதான். மையத்திலிருந்து தலை 104 சென்டிமீட்டர். 200 பெருக்கல் 104 பெருக்கல் 104, சுமார் 21 லட்சத்து 63 ஆயிரம். இப்போது நுனியில் 20 கிராம் எதிரெடை வைக்கிறோம், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர். 20 பெருக்கல் 10 பெருக்கல் 10, வெறும் 2,000. இருபத்தொரு லட்சத்துக்கு முன்னால் இரண்டாயிரம்! ஆயிரத்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. அதுவும் கூடத்தான் செய்கிறது, குறையவில்லை.

ஆனால் தராசிடம் கேட்டால் என்ன சொல்லும்? 20 கிராம் நுனியில் வைத்ததற்கு ஐந்து புள்ளிக்கு மேல் இறங்கிவிட்டது, டி3ஆக இருந்த கிளப் சி7, சி8 ஆகிவிட்டது என்று சொல்லும். இதே எண்ணை வேறு வழியிலும் கொண்டுவரலாம், தலையிலிருந்து ஏறக்குறைய 10 கிராமைக் கழற்றினால் போதும். ஆக இரண்டு கிளப்புகள்: ஒன்று தலை இளைத்த 300 கிராம் கிளப், இன்னொன்று பிடி கனத்த 330 கிராம் கிளப். தராசுக்கு இரண்டும் ஒன்றே. முதலாவதைச் சுழற்றுவது 5 சதவீதம் அளவுக்கு நிஜமாகவே சுலபமாகியிருக்கிறது. இரண்டாவதைச் சுழற்றுவதில் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் இல்லை, மொத்த எடைதான் ஏறியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு டப்பா நிறைய எடைகள் வாங்கி வீட்டில் வைத்திருக்க மாட்டேன்.

“அப்படியானால் எல்லாமே பிரமையா?” என்று கேட்பீர்கள். இல்லை. கிளப் மாறத்தான் செய்கிறது, ஆனால் தராசு சொல்கிற விதத்தில் இல்லை. முதலாவது, சமநிலைப் புள்ளி. கிளப்பை ஒற்றை விரலில் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் ஒரு சின்ன டேப் ஒட்டுங்கள். நான் சொன்ன அந்த டிரைவரில் அது நுனியிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டரில் இருக்கும். 20 கிராம் வைத்தபின் மறுபடி கிடத்துங்கள், ஏறக்குறைய 80க்கு வந்திருக்கும். ஐந்து சென்டிமீட்டர் கையை நோக்கி நகர்ந்துவிட்டது, கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டாவது, மொத்த எடை. கிளப்பைத் தோளிலிருந்து முழுக்கையோடு தூக்கும்போது கூடுதல் 20 கிராம் கைகளோடு சேர்ந்தே பயணம் செய்கிறது, கைகளே கொஞ்சம் கனத்துவிட்ட மாதிரி. இதனால் சிலருக்கு மேலிருந்து கீழே வரும் திருப்பத்தில் கை பறப்பது நின்று ஒரு நிதானம் வருகிறது. கை தாளம் மாறும்போது மணிக்கட்டு திறக்கும் நேரமும் மாறும், அது நல்லதற்கா கெட்டதற்கா என்பது ஆளைப் பொறுத்தது. இன்னும் சிலருக்கு நேர் எதிர்: கிளப்பின் தலை எங்கே இருக்கிறது என்ற உணர்வே போய்விடுகிறது, இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி பந்தைத் தேடி அடிக்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

என் கருத்து இது: டிரைவரில் எதிரெடை என்பது உணர்வுக்கான கருவி, வேகத்துக்கான கருவி இல்லை. ‘10 கிராம் வையுங்கள், 15 கஜம் கூடும்’ என்று அட்டையில் அச்சடித்திருந்தால் அந்த அட்டையை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். பந்து வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் ஓடுவதற்கும் இது மருந்து இல்லை. அது கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் வருகிற வியாதி.

பட்டரின் கதை வேறு, அங்கே எதிரெடைக்குக் கொஞ்சம் வரலாறே இருக்கிறது. கீகன் பிராட்லி என்ற ஆட்டக்காரர் 2011 பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டியை வயிற்றில் முட்டுக்கொடுத்து ஆடும் நீண்ட பட்டரால் வென்றார், ஆடம் ஸ்காட் என்பவர் 2013 மாஸ்டர்ஸ் போட்டியை துடைப்பக்கட்டை மாதிரி நெஞ்சு உயரத்துக்கு வரும் பட்டரால் வென்றார். இப்படிக் கிளப்பை உடம்பில் ஊன்றி அடிப்பதை விதி அமைப்புகளான யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் 2016 ஜனவரி 1 முதல் தடை செய்தன. தடை வரப்போகிறது என்று தெரிந்தவுடனேயே பட்டர் நிறுவனங்கள் மாற்று தேடின. உடம்பில் ஊன்றாமலேயே கை நடுங்காத ஒரு பட்டர் வேண்டும். அதற்கு விடையாக வந்தவைதான் எதிரெடை பட்டர்கள். சாதாரணப் பட்டரின் தலை 350 கிராம் என்றால் இதில் 400 சுமார், நீளம் 34, 35 அங்குலத்துக்குப் பதில் 38, கிரிப்பும் நீளம், அதற்குள் எடையும். ஆடுபவர் நுனியில் பிடிக்காமல் இரண்டு மூன்று அங்குலம் கீழே இறக்கிப் பிடிப்பார், ஆக எதிரெடை உண்மையிலேயே கைகளுக்கு மேலே நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, தலையும் கனம், பிடியும் கனம். இரண்டு பக்கமும் ஏற்றியதால் கையில் தலை கீழே இழுப்பதாகத் தெரியாது, ஆனால் மொத்தக் கிளப்பும் 600 கிராமைத் தாண்டிப் போயிருக்கும். அவ்வளவு எடையைச் சின்ன மணிக்கட்டு நடுக்கம் அசைக்க முடியாது. கயிற்றில் நடப்பவர் நீளமான கம்பைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு போவாரே, அது கனமாக இருப்பதும் நீளமாக இருப்பதும் எதற்காகவோ அதே காரணம். நான்கு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டுவதை நினைத்தாலே விரல் படபடக்கும் ஆசாமிகளுக்கு இது நிஜமாகவே கைகொடுக்கும். மறுபக்கம், முப்பது நாற்பது அடிக்கு உருட்டும்போது தூரத்தைக் கணிப்பது முதலில் தகராறு செய்யும், ஏனென்றால் விரல்களுக்கு வந்துகொண்டிருந்த சேதி மங்கிவிடுகிறது. சூப்பர்ஸ்ட்ரோக் போன்ற கிரிப்புகளில் நுனி மூடியைத் திறந்து 50 கிராம் எடையைத் திருகி வைக்கலாம், பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். முதல்முறை முயல்பவர்கள் பட்டரில் ஆரம்பிப்பதே நல்லது என்பேன், வித்தியாசம் பட்டென்று தெரியும்.

எப்படி வைப்பது என்பதற்கு வருவோம். எதிரெடையோடே வரும் கனமான கிரிப் வாங்கி மாட்டுவது ஒரு வழி. கிரிப்பைக் கழற்றி ஷாஃப்டின் மேல்முனையில் ஈய டேப் சுற்றி, அதன் மேல் கிரிப் மாட்டுவது இன்னொன்று (ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை). எடை பிடிப்பக்கம் கூடும்படியே தயாரான ஷாஃப்டுகளும் உண்டு. பலரும் பயன்படுத்துவது செருகும் எடை: ஒரு சிறு உலோகத் துண்டு, அதைச் சுற்றி ரப்பர் வளையம், நடுவில் ஒரு திருகு. கிரிப்பின் நுனியில், மாட்டும்போது காற்று வெளியேற ஒரு குட்டித் துளை இருக்கும். அதைக் கொஞ்சம் பெரிதாக்கி எடையை உள்ளே தள்ளி, சாவியால் திருகினால் ரப்பர் நசுங்கிப் பக்கவாட்டில் உப்பி ஷாஃப்டின் உட்சுவரைக் கவ்விக்கொள்ளும்.

கவ்விக்கொள்ள வேண்டும், அதுதான் விஷயம். என் 5ஆம் எண் அயர்னில் ஒரு மலிவான எடையை வைத்து, திருகியது போதும் என்று நினைத்து விட்டுவிட்டேன். பயிற்சித் திடலில் பதினைந்தாவது பந்தோ பதினாறாவதோ, பின்னால் தூக்கும்போது ‘டொக்’. கீழே வரும்போது ‘டொக்’. ஷாஃப்ட் உள்ளே போகப்போகக் குறுகும், அதனால் எடை வழுக்கி ஒரு முழம் கீழே போய் ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன், குலுக்கினேன், கம்பி விட்டு நெம்பினேன், அசையவில்லை. கடைசியில் புதிதாக மாட்டிய கிரிப்பைப் பிளேடால் கிழித்தெடுத்து, மேலிருந்து நீண்ட திருகாணியை எடையின் துளைக்குள் இறக்கி இழுத்த பிறகுதான் வந்தது. அந்தக் கிரிப்பின் விலை எடையைவிட அதிகம். இதற்குப் பயந்துகொண்டு ஒரேயடியாக முறுக்கவும் கூடாது, ஸ்டீல் ஷாஃப்ட் தாங்கிக்கொள்ளும், கிராஃபைட் ஷாஃப்டின் சுவர் உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் விரிசல் விடலாம். எடையைக் கையால் இழுத்துப் பார்த்து நகரவில்லை, கிளப்பைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் இல்லை என்றால் அந்த இறுக்கம் போதும்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் சும்மா ஒரு சோதனை செய்து பார்த்துவிடுங்கள். இரண்டு மூன்று நாணயங்களை அடுக்கி (சமையலறைத் தராசில் நிறுத்து 10 அல்லது 15 கிராம் வரும்படி) கிரிப்பின் நுனியில் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். டிரைவரின் முகத்தில், அதாவது பந்தை அடிக்கும் பரப்பில், பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடியுங்கள், பந்து படும் இடம் வட்டமாகப் பதியும். எடையோடு ஐந்து பந்து, எடை இல்லாமல் ஐந்து பந்து, மறுபடி எடையோடு ஐந்து. ஒவ்வோர் ஐந்துக்கும் பிறகு முகத்தைப் போனில் படம் எடுத்துவிட்டுத் துடையுங்கள். பந்து எவ்வளவு தூரம் போனது என்பதைப் பார்க்காதீர்கள், தூரம் மனசைக் கெடுக்கும். வட்டங்கள் நடுவில் கூடி நிற்கின்றனவா, இல்லை குதிகால் (ஷாஃப்ட் பக்கம்), கால்விரல் (எதிர் நுனி) என்று சிதறிக்கிடக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். எதை மாற்றினாலும் முதல் பத்துப் பந்து அற்புதமாகத்தான் போகும், புதுச் செருப்பு போட்ட நாள் நடை மாதிரி. அதனால் ஒரு வாரம் கழித்து இதையே இன்னொரு தடவை செய்து, அப்போதும் எடை வைத்த படங்களில் வட்டங்கள் நெருக்கமாக இருந்தால் மட்டும் பர்ஸைத் திறக்கலாம்.

விதி பற்றி ஒரு வார்த்தை. சரியாகப் பொருத்திய எதிரெடை சட்டத்துக்கு உட்பட்டதுதான், போட்டியிலும் ஆடலாம். ஆனால் ஒட்டிய நாணயம் பயிற்சிக்கு மட்டும், அப்படி வெளியே ஒட்டிய பொருளோடு போட்டிக்குப் போக முடியாது. ஆட்டம் தொடங்கிய பிறகு எடையைச் சேர்ப்பதோ கழற்றுவதோ கூடாது. அப்படி மாற்றிய கிளப்பால் ஒரு அடி அடித்துவிட்டால் தகுதி நீக்கம் வரை போகும். ஆகவே 50 கிராமா வேண்டாமா என்ற விவாதத்தை முதல் குழிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, இது அடிக்கடி கேட்கப்படுவது: செட்டில் உள்ள எல்லாக் கிளப்புக்கும் வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. டிரைவரும் பட்டரும் தனித்தனி ஆசாமிகள், அவற்றை அவற்றின் போக்கில் விட்டுவிடலாம். அயர்ன்களில் வைப்பதானால் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே அளவு வையுங்கள், 7 அயர்னில் 10 கிராமும் 8 அயர்னில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் கை குழம்பிப்போகும். வெட்ஜில் (கிட்டத்திலிருந்து பந்தை உயர எழுப்பும் கிளப்) நான் வைப்பதில்லை. குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரையான கிரீனுக்குப் பக்கத்தில் நின்று பந்தை மெல்ல எடுத்துவிடும்போது தலையின் கனம் விரலுக்குத் தெரிய வேண்டும், அந்த ஓர் இடத்தில் எனக்குத் தலை கனமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.